கோட்டாறு: சந்தையும் சாலையும்

விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டாற்றைக் கடந்தே போகிறார்கள். ஆனால் அதைப் பார்ப்பதில்லை. நாகர்கோவில் சந்திப்பு என்று பெயர்ப்பலகை தாங்கிய இரயில் நிலையம் உண்மையில் கோட்டாற்று மண்ணில்தான் நிற்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் தடம் 1979-லும், திருநெல்வேலியிலிருந்து வரும் தடம் 1981-லும் திறக்கப்பட்ட நாள் தொட்டு, முக்கடல் கூடும் முனையில் கதிரவன் எழுவதையும் விழுவதையும் காண விரையும் கூட்டம் இவ்வூரைச் சன்னல் வழியே ஒரு கணம் நோக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒருமுறை கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஒரு வார காலம் இங்கேயே தங்கியிருக்க எனக்கு வாய்த்தது. கடலைக் காணக் குமரிக்குப் போகலாம்; கடலோர மக்களின் வரலாற்றைக் காண விரும்புகிறவர் கோட்டாற்றுத் தெருக்களில் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்களில் உறுதிப்பட்டது.

கோட்டாறு அரண்மனை நகரமன்று, துறைமுகமும் அன்று. அது ஒரு சந்தையூர். கோயிலூர் தெய்வத்தின் பெயரால் வாழும். கோட்டையூர் அரசனின் பெயரால் வாழும். சந்தையூரோ வெளியிலிருந்து வருகிறவரை நம்பியே வாழும். அயலான் வராத நாளில் சந்தை இல்லை. ஆகவே ஓர் ஊர் அயலாரை எப்படி நடத்திற்று என்பதை அறிய, அதன் சந்தையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே நேர்வழி.

நிலம் வகுத்த சந்தை

கோட்டாற்றில் சந்தை கூட வேண்டும் என்று நிலமே வகுத்துவைத்திருக்கிறது எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. பாண்டி நாட்டையும் வேணாட்டையும் இணைத்த பழைய வாயில் அது. கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால் நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள். அவ்வயல்களுக்கு நீர் வார்த்துவரும் பழையாறு கோட்டாற்றை ஒட்டி ஓடி, மணக்குடியில் கடலோடு கலக்கிறது. கடற்கரை இங்கிருந்து சில கல் தொலைவுதான். கடலோரத்து உப்பும் மீனும் கருவாடும், நாஞ்சில் நாட்டு நெல்லும், மலையடிவாரத்து வாழையும் மிளகும், கணவாய்க்கு அப்பாலிருந்து பொதிமாடுகளில் வந்த பருத்தியும் பருப்பும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ள இதைவிட இயல்பான இடம் இப்பகுதியில் இல்லை.

கி.பி. 150 அளவில் உலகப் படத்துக்கான ஊர்ப்பட்டியலைத் தொகுத்த தாலமி, ஆய் நாட்டில் 'கொட்டியாரா' என்ற ஊரைக் குறித்து அதைப் பெருநகர் என்றே சுட்டுகிறார். அது கோட்டாறே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அலெக்சாந்திரியாவில் அமர்ந்திருந்த ஒருவருக்கு இவ்வூரின் பெயரைக் கொண்டு சேர்த்தவர்கள் வணிகர்களாகவும் மாலுமிகளாகவும்தான் இருந்திருக்க வேண்டும். ஆக, இவ்வூரின் பெயர் உலகுக்குத் தெரியவந்தது சந்தை வழியாகவே.

சோழர்களும் இவ்வழியின் மதிப்பை அறிந்திருந்தார்கள். முதலாம் இராசராசனின் விருதுப் பெயரான மும்முடிச்சோழன் என்பது கோட்டாற்றுக்கும் சூட்டப்பட்டது. கல்வெட்டுகளில் இவ்வூர் மும்முடிச்சோழநல்லூர் என்று வழங்கியது. முதலாம் குலோத்துங்கன் தென்திசையை அடக்கிய பின், கோட்டாற்று வழி உள்ளிட்ட சாலைகள்தோறும் தன் படைத்தலைவர்களை நிலைப்படைகளுடன் அமர்த்தினான் என்று அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. இச்செய்தியில் ஊரினும் சாலைக்கே முதன்மை தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. எவன் கையில் சாலையோ அவன் கையில் சந்தை. எவன் கையில் சந்தையோ அவன் கையில் நாடு. ஒழுகினசேரியில் இன்றும் சோழராசா கோயில் என்று மக்கள் அழைக்கும் சிவன் கோயில் அக்காலத்தின் எஞ்சிய சாட்சி.

பல குரல் கேட்ட தெரு

சந்தை சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. சமயத்தையும் மொழியையும் கொண்டுவருகிறது. நாகராசர் கோயிலுக்குச் செல்கிறவர் அதன் தூண்களை நின்று பார்க்க வேண்டும். மகாவீரரும் பார்சுவநாதரும் அங்கே சிற்பமாக வீற்றிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணப் பெரியோர் அக்கோயிலோடு தொடர்பு கொண்டிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அன்று கோட்டாறு ஊரின் பெயர். நாகர் கோயில் என்பது ஒரு கோயிலின் பெயர் மட்டுமே. இன்று நாகர்கோவில் மாநகரின் பெயர். கோட்டாறு அதன் ஒரு பகுதியின் பெயர். சரக்கைப் போலவே பெயர்களும் கைமாறுகின்றன.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்தி வியப்பில் ஆழ்த்திய தமிழறிஞர் அவர். அவருக்கு முன்னரே கோட்டாற்று ஞானியார் சாகிபு என்ற சூஃபிப் புலவரை இவ்வூர் ஈன்றிருக்கிறது. சமணரும் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் ஒரே அங்காடித் தெருவில் உப்பும் துணியும் வாங்கியிருக்கிறார்கள். சந்தையைக் குறிக்க இங்குள்ளோர் வழங்கும் 'கம்பளம்' என்ற சொல், மலையாளத்துக் 'கம்போளம்' என்பதன் தமிழ்க் குரல். 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்த ஊர் இது. இரு மொழிகளும் இங்கே கடைவாசலில் அன்றாடம் சந்தித்துக்கொண்டிருந்தன.

வேற்று நாட்டுப் பயணி

16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இச்சாலைகளில் நடந்தவர்களில் ஒருவர் புனித பிரான்சிசு சவேரியார். 1544 சூன் மாதத்தில் வடுகர் படை குமரிப் பகுதிப் பரதவர்களைத் தாக்கியபோது, அம்மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். அவர்களுக்கு உணவும் நீரும் சேர்ப்பதற்காக இருபது தோணிகளுடன் தாம் புறப்படுவதைச் சவேரியார் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதியிருக்கிறார். அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரி 27-ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் தெரிவிக்கிறார். அவர்கள் முக்குவ மீனவ மக்கள்.

வடுகர் படையை வடசேரி அருகே அவர் சிலுவையுடன் எதிர்நின்று தடுத்தார் என்பதும், அதற்கு நன்றியாக வேணாட்டு மன்னன் கோட்டாற்றில் கோயில் கட்ட நிலம் தந்தான் என்பதும் வழிவழியாக வரும் மரபு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கே அவர் பெயரால் எழுந்த கோயில் கடற்கரை மக்களின் திருத்தலமாக வளர்ந்தது. 1930 மே 26-ஆம் நாள் கொல்லத்திலிருந்து பிரிந்து கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது அது பேராலயமாயிற்று. நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும் திருவிழாவுக்குக் 'கேட்ட வரம் தரும் கோட்டாற்றுச் சவேரியார்' என்று நம்பி வருவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. திருவிழாவும் ஒரு சந்தையே. பெரும் ஆலயம் ஒன்று கடற்கரையில் எழாமல் உள்நாட்டுச் சந்தையூரில் எழுந்தது ஏன் என்று கேட்கலாம். மீனவர்கள் அன்றாடம் வந்தாக வேண்டிய ஊர் இதுதான் என்பது அதற்குரிய மறுமொழிகளில் ஒன்றாகலாம்.

சரக்குக்குத் திறந்த கதவு

இதுவரை கூறியது சந்தையின் பெருமை. அதன் இருண்ட பக்கத்தையும் பார்க்காமல் வரலாறு முழுமை பெறாது.

பழைய திருவிதாங்கூரில் சந்தைக்குள் எல்லாச் சரக்கும் நுழையலாம். எல்லா மனிதரும் நுழைய முடியாது. புலையர் போன்ற அடிமைச் சாதியினர் அங்காடியை நெருங்கக் கூடாது. தொலைவில் நின்று குரல் கொடுத்து, காசை ஓரிடத்தில் வைத்துவிட்டு விலகி நிற்க, கடைக்காரர் பொருளை வைத்துப் போன பின்னரே எடுத்துக்கொள்ள வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய சாமுவேல் மெட்டீர் போன்ற இலண்டன் மிஷன் தொண்டர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பால் விளைந்த நெல் சந்தையின் நடுவில் குவிந்திருக்கும்; விளைவித்தவர் சந்தையின் விளிம்புக்கு அப்பால் நிற்பார்.

நாடார் முதலிய சாதிகளின் பெண்கள் தோளை மறைத்து உடுத்துவதும் தடை செய்யப்பட்டிருந்தது. 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. அக்கலவரங்களில் அங்காடிக்கு வந்த பெண்களின் மேலாடை பலர் பார்க்கக் கிழித்தெறியப்பட்டது. நெசவுக்குப் பேர்போன பகுதியில், துணி விற்கும் தெருவிலேயே, ஒரு பெண்ணின் தோளில் கிடந்த துணி குற்றமாயிற்று. 1859 சூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு மார்பை மறைக்க உரிமை தந்தது. ஆயினும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்ற கட்டு அப்போதும் நீடித்தது. உரிமையைக்கூட முழுமுழமாக அளந்து தர மனம் வரவில்லை.

கணவாய்ச் சாலையில் வந்த உடல்

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் கோட்டாற்றுப் பேராலயத்தில் உள்ள ஒரு கல்லறையின் பொருள் விளங்கும்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் இருந்த உயர்குடியினர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு வேறுபாடின்றி அவர் பழகியது அன்றைய சமூகத்துக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டார். எருக்கு மாலை அணிவித்து எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவரைக் கொண்டுசென்றார்கள். நாடறிந்த மனிதனை இழிவுபடுத்த வேண்டுமானால் நாலு பேர் கூடும் தெருவே தகுந்த இடம். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் திரட்டிக் கோட்டாற்றுக்குக் கொண்டுவந்து, சவேரியார் கோயிலின் தலைமைப் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து கோட்டாற்றுக்கு வரும் அந்த வழிதான் பாண்டி நாட்டுப் பொதிமாடுகள் வந்த வழி. சோழன் படை காவல் நின்ற வழி. நூற்றாண்டுகளாக அதில் பருத்தியும் பருப்பும் வந்தன. 1752-இல் அவ்வழியே விலை குறிக்க முடியாத ஒன்று வந்து சேர்ந்தது.

பொதுநிலையினரான அம்மறைசாட்சி 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15-இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டத்துக்கு முன்னர் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் வேண்டுகோளுக்கிணங்க நீக்கப்பட்டது. அவர் உயிரோடிருந்தபோதே துறக்க முயன்றதை அவர் பெயரிலிருந்து நாம் துறக்க 270 ஆண்டுகள் ஆயின.

நம் வீட்டுச் சுவர்

இவ்விடத்தில் அயலாரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாகப் பிரியும் கூடங்களுடன் கட்டப்பட்டது. ஒரு சாதியினர் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்க நடுவே சுவர். 1910-இல் அருள்தந்தை கௌசானல் முயற்சியால் அச்சுவர் இடிக்கப்பட்டது. எதிர்ப்பும் வழக்கும் அதைத் தொடர்ந்தன. மறைசாட்சியின் குருதி சிந்தி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் அவர் கற்பித்த பாடம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

சந்தைக்கு இருந்த நேர்மைகூட நமக்கு இல்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. சந்தையில் தராசு ஒன்றுதான். சைவர் நெல்லுக்கு ஒரு தராசு, இசுலாமியர் நெல்லுக்கு ஒரு தராசு என்று வைத்தால் வணிகம் நடவாது. மனிதரை நிறுக்கும்போது மட்டும் நாம் பல தராசுகளை வைத்துக்கொண்டோம்.

தங்கியிருந்து பார்க்க

விடுமுறையை இவ்வூரில் கழிக்க எண்ணுகிறவருக்குச் சில குறிப்புகள் சொல்லலாம். விடியலில் எழுந்து வடசேரிச் சந்தைக்குச் செல்லுங்கள். மட்டி, செந்துளுவன், நேந்திரன் என்று வாழைக்குலைகள் அடுக்கப்பட்டிருக்கும். வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞரின் பட்டறைகளைப் பாருங்கள். தெய்வத் திருமேனிக்கென்று தோன்றிய நகைகள் பின்னர் நடன மேடைகளுக்கும் சென்று உலகப்புகழ் பெற்றவை. தோவாளையின் பூச்சந்தையையும் தவறவிட வேண்டா. நகரின் நடுவே நிற்கும் மணிமேடை 1893-இல் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் திறந்துவைத்தது; அதிலுள்ள கடிகாரம் இலண்டன் மிஷனைச் சேர்ந்த டதி ஐயர் அளித்த கொடை. எச்சமயத்தவர்க்கும் எச்சாதியினர்க்கும் அது ஒரே நேரத்தையே காட்டி வந்திருக்கிறது.

பிறகு மீன்விற்கும் பெண்களைப் பாருங்கள். சும்மாட்டின் மேல் பாத்திரத்தைச் சுமந்து, சாளையும் நெத்திலியுமாகக் கடற்கரையிலிருந்து தெருத்தெருவாக வருகிறவர்கள். அவர்களுடைய பாட்டிமார் இதே தொலைவைக் கால்நடையாகக் கடந்தார்கள். அக்காலத்தில் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் ஏற்றவும் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டிருந்தன. பேறுகாலத்தில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டுவைப்பது தமிழர் வழக்கம். சுமையோடு இறந்த ஒருத்தியின் பெயரால், சுமையோடு வருகிற இன்னொருத்திக்கு இளைப்பாறுதல். எந்தச் சமய நூலையும் படிக்காத சிற்றூர் மக்கள் கல்லில் எழுதிவைத்த அன்பின் இறையியல் அது.

ஆனால் 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர் நாற்றத்தைக் காரணம் காட்டி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டுக் கதறிய காட்சியை நாடே கண்டது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனை கிடைத்ததோடு அந்நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நாம் ஆறுதல் கொள்ளலாகாது. மீனுக்குக் கதவு திறந்தது. மீன் கொணர்ந்தவளுக்குக் கதவு மூடிற்று. பழைய அங்காடி விதி புதிய வண்டியில் ஏறிக்கொண்டு வந்திருந்தது.

ஈராயிரம் ஆண்டுகளாகக் கோட்டாறு அயலாரின் சரக்கை ஏற்றது. அயலாரின் தெய்வங்களையும் சொற்களையும் ஏற்றது. சரக்கைச் சுமந்து வந்த மனிதரை ஏற்பதற்கோ அது நெடுங்காலம் தயங்கியது. அத்தயக்கம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. இச்சந்தையூரின் நடுவே, சாதியைத் துறந்ததற்காக உயிரைத் துறந்த ஒருவர் துயில்கிறார். அக்கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது கடைத்தெருதான். அங்கே பொருளைக் கையில் வாங்கும்போது, அதைக் கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பது, ஏற்றிய மெழுகுதிரிக்குப் பொருள் சேர்க்கும்.